ஒரு ஆட்டம் உட்கார வைத்தது

போன செவ்வாய்க்கிழமை காலை, சங்கராபுரம் பேருந்தில் என் முன் இருக்கையில் ஒரு கபடி அணியின் செயலாளரும் அதே அணியில் ஆடும் இளைஞர் ஒருவரும் இருந்தார்கள்.

“உன் தங்கச்சிய அடிச்சதுக்கு உன் மச்சான ஒரு மேட்ச் உக்கார வச்சிட்டோம். இன்னும் இன்னாப்பா?” என்றார் செயலாளர்.

“எந்த மேட்ச்ணே?”

“நேத்து மேட்ச்.”

“நேத்து எதிர் டீமே வரலியே. போன வருசம் அவன் அம்பயர தள்ளினதுக்கு சீசன் பூரா உக்கார வச்சீங்க. என் தங்கச்சியும் ஒரு விசில் வாங்கி மாட்டிக்கினு இருந்திருக்கணும்.”

செயலாளர் சிரித்தார். “ஞாயித்துக்கிழமை ஃபைனல்பா. அவன் இல்லாம முடியாது.”

“நான் இல்லாம முடியுமா?”

செயலாளரின் சிரிப்பு நின்றது.

“தங்கச்சி மார்க்கெட் தாண்டி எங்க வூட்லதான் கீது. எத்தினி மேட்ச்னு அதுகிட்டயே கேளுங்க. அப்பால நான் வரேன்.”

மார்க்கெட்டுக்குச் சீட்டு வாங்கியிருந்த செயலாளர் அங்கே இறங்கவில்லை.