அக்காவின் நானூற்றுப் பன்னிரண்டு துண்டுகள்

தலைமை ஏற்றிருக்கும் ரசிகர் மன்றத் தலைவர் அவர்களே, பாட்டுக்குப் படம் கோக்கும் பணியில் பல்லாண்டு பழகிய பெரியோர்களே, பிள்ளைகளை மடியில் வைத்துக்கொண்டு பொறுமை காக்கும் தாய்மார்களே, என்னைவிட வேகமாய் விரல் ஓட்டும் இளைஞர்களே, என்னைப் பேச அழைத்துவிட்டு இப்போது கவலையோடு பார்க்கும் செயலாளர் அவர்களே, எல்லோரையும் வணங்குகிறேன்.

எனக்கு மேடை பழக்கமில்லை. தாளைப் பார்த்துத்தான் பேசுவேன். பின்வரிசையில் என்ன சொல்கிறீர்கள்? மைக்கை வாய்க்குப் பக்கத்தில் வைக்க வேண்டுமா? சரி தம்பி. இப்போது கேட்கிறதா?

நம் பாடகரின் பாடல்களுக்கு நாமே படம் கோத்து வெளியிடுகிறோமே, அதற்கு எந்த எடிட்டிங் மென்பொருள் சிறந்தது? இதுதான் எனக்குத் தந்த தலைப்பு. நான் பதினோரு மென்பொருள்களை நான்கு மாதம் ஒப்பிட்டவன். வண்ணம் திருத்த வசதி உண்டா? எழுதினேன். ஓசையைக் கூட்டிக் குறைக்க வழி உண்டா? எழுதினேன். பழைய கணினியில் ஓடுமா? அதையும் எழுதினேன். இருபத்து மூன்று கட்டங்கள் கொண்ட அட்டவணை! ஆனால் ஒரு நிமிடப் படமாவது செய்தேனா? இல்லை. செய்தவள் என் அக்கா.

உங்களில் பலருக்கு அவளைத் தெரியும். தொலைபேசி நிலையத்தில் முப்பது வருடம் இணைப்புக் கொடுத்து ஓய்வு பெற்றவள். என் அட்டவணையைப் பார்த்துச் சொன்னாள்: "பதினோரு வீட்டுல பொண்ணு பார்த்துட்டு, கல்யாணமே வேணாம்னு வர்ற ஆளுடா நீ."

"எது நல்லதுன்னு தெரியாம எப்படிக்கா தொடங்குறது?"

"நான் இலவசமா கிடைச்சதை எடுத்தேன். மூணு வருஷமா ஓடுது. நீ இன்னும் வாசல்லயே நிக்கிற."

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள், அவள் சொன்னது உண்மைதான்.

அவள் செய்த படம் எப்படிப்பட்டது? இருபது வயதில் நம் பாடகர் ஓர் அடியைத் தொடங்குவார். அறுபது வயதில் அதே அடியை முடிப்பார். இளமை இழுத்த மூச்சை முதுமை விடும். எத்தனை மேடை, எத்தனை உடை, எத்தனை வருடம்! ஆனால் மூச்சு மட்டும் ஒன்று. நானூற்றுப் பன்னிரண்டு துண்டுகளை ஒவ்வொன்றாய்க் கேட்டு, ஒவ்வொன்றாய் வெட்டி, ஒவ்வொன்றாய்ச் சேர்த்தாள்.

போன வருட விழாவுக்கு இரண்டு நாள் முன்பு அவள் வீட்டுக்குப் போனேன். "கண் டாக்டரைப் பார்த்துட்டு வந்துடுறேன், எதையும் நோண்டாதே" என்று சொல்லிவிட்டுப் போனாள். நான் நோண்டவில்லை, ஒழுங்குபடுத்தினேன். அவள் கோப்புகளுக்கு வைத்திருந்த பெயர்களைக் கேளுங்கள்: 'புதுசு', 'புதுசு இரண்டு', 'இதுதான்', 'இதுதான் கடைசி', 'ஐயோ இது வேண்டாம்'. எனக்குப் பொறுக்கவில்லை. ஆண்டுவாரியாகப் பிரித்தேன், எண் போட்டுப் பெயர் மாற்றினேன். பழைய பெயர், புதுப் பெயர் இரண்டையும் நோட்டில் குறித்துக்கொண்டேன். அவளை மகிழ்விக்கப் போகிறேன் என்று நம்பினேன். விழா முடிந்ததும் சொல்லலாம் என்று எழுந்து வந்தேன்.

அவளுடைய மென்பொருள் படத்துண்டுகளைத் தனக்குள் வைத்துக்கொள்வதில்லை. எந்தப் பெயரில், எந்த இடத்தில் இருக்கிறது என்பதை மட்டும் நினைவில் வைத்திருக்கும். பெயரை மாற்றினால் அதற்குத் துண்டு தொலைந்த மாதிரி. என் இருபத்து மூன்று கட்டங்களில் அதற்கு ஒரு கட்டம் இல்லை.

விழா நாள் காலையில் அக்கா படத்தை வெளியீடு செய்யச் சொல்லி பட்டனை அழுத்திவிட்டுக் குளிக்கப் போனாள். முடிந்ததைப் போட்டுப் பார்க்க நேரமில்லை. அப்படியே எடுத்து வந்தாள். இந்தத் திரையில் பாட்டு ஒலித்தது. படம்? சிவப்புக் கட்டம். அதில் எழுத்து: 'இதுதான் கடைசி' கிடைக்கவில்லை. அடுத்ததும் சிவப்பு. அதற்கடுத்ததும் சிவப்பு. "பாட்டிக்கு எதுக்கு கம்ப்யூட்டரு?" என்று ஒரு குரல். அரங்கமே சிரித்தது. உங்களைக் குறை சொல்ல எனக்குத் தகுதியில்லை. அக்காவின் பக்கத்தில் உட்கார்ந்து நானும் சிரித்தேன். முதல் கட்டத்திலேயே எனக்குப் புரிந்துவிட்டது, புரிந்தும் சிரித்தேன்.

திரும்பும்போது பேருந்தில் சொன்னாள்: "வயசாயிடுச்சுடா. நானே எதையோ அழிச்சிருக்கேன் போல."

நான் என்ன சொன்னேன்? "பரவாயில்லக்கா" என்றேன்.

அந்த நோட்டு அப்போது என் பையில் இருந்தது! ஒரு பகல் உட்கார்ந்து பழைய பெயர்களைத் திருப்பி வைத்திருந்தால் படம் பிழைத்திருக்கும். ஏன் சொல்லவில்லை? பயம். அவள் கோபத்துக்குப் பயம், உங்கள் பார்வைக்குப் பயம். நான் பயந்துகொண்டிருந்த அந்த வாரத்தில், மூன்று வருட உழைப்பை மொத்தமாய் அவளே அழித்துவிட்டாள். மன்றத்துக்கு வருவதையும் நிறுத்திவிட்டாள்.

போன வாரம்தான் அவளிடம் சொன்னேன். கேட்டாள்: "இதை என்கிட்ட சொல்லி என்னடா? நானா சிரிச்சேன்? சிரிச்சவங்ககிட்ட போய்ச் சொல்லு."

"மறுபடி செய்யலாமாக்கா? நான் கூட இருக்கேன்."

"வேணாம். எனக்கு இனிமே மனசு வராது."

அதனால்தான் வந்தேன். மென்பொருள் பற்றிப் பேச வரவில்லை, மன்னியுங்கள். மன்றத்தின் சென்ற ஆண்டு அறிக்கையின் ஏழாம் பக்கத்தில் ஒரு வரி இருக்கிறது: 'மூத்த உறுப்பினரின் கவனக்குறைவால் படம் பழுதானது.' அந்த வரியை அடித்துவிட்டு, 'அவருடைய தம்பி கோப்புகளைக் கலைத்ததாலும், அதை ஓராண்டு மறைத்ததாலும் படம் அழிந்தது' என்று எழுத வேண்டும்.

வேண்டாம், கைதட்ட வேண்டாம். செயலாளர் அவர்களே, பேனா இருக்கிறதா? அவசரமில்லை. 'மறைத்ததாலும்' என்ற சொல் விட்டுப்போகக் கூடாது. எழுதி முடிக்கும்வரை இங்கேயே நிற்கிறேன்.

எழுதிவிட்டீர்களா? நன்றி. இவ்வளவு நேரம் காது கொடுத்த உங்கள் எல்லோருக்கும் நன்றி. இந்த அரங்குக்கு இனி வரமாட்டேன் என்று சொன்ன என் அக்காவுக்கு, வணக்கம்.