முதலில் வேண்டாம் என்று சொல்வோம்

படியில் இறங்கி ஓடுகிறேன். கீழே பட்டாசு. சுவர் அதிர்கிறது. மேலே அறைக்குள் செல்வி அக்கா. கதவு உள்ளே தாழிட்டிருக்கிறது.

"அண்ணே! மேல வாங்க! அண்ணே!"

கத்துகிறேன். என் சத்தம் எனக்கே கேட்கவில்லை.

சீனப் புத்தாண்டு முடிந்து கீழ்க்கடைச் சீன முதலாளி, தவுக்கே, கடை திறக்கும் நாள். டத்தோ கிராமாட் சாலை. காலை பதினொன்று. சிங்க ஆட்டம். மேளம். மாடி உயரத்துக்குத் தொங்கும் சரவெடி. எதிர்க்கடையில் பசம்போர் தின்பண்டம் விற்கும் காதர் அண்ணன் என்னைப் பார்க்கிறார். கையை ஆட்டுகிறேன். அவரும் சிரித்துக்கொண்டே கையை ஆட்டுகிறார்.

நானும் செல்வி அக்காவும் அந்த மாடி அறையில் பாலியல் தொழில் செய்தோம். எனக்கு ஐம்பது நெருங்குகிறது. புது ஆட்களிடம் பேச வராது. போனில் பேசுவது அக்கா. ஜன்னலில் நின்று பார்ப்பது நான்.

"ஒனக்கு வாய் இல்ல, எனக்குக் கண்ணு சரியில்ல. ரெண்டு பேரும் சேந்தா ஒரு பொம்பள லா," என்று அக்கா கிண்டல் செய்வார்.

எங்கள் வழக்கம் இதுதான். வருகிறவன் எதிர்க்கடை முன்னால் தூண் வைத்துக் கூரை போட்ட அஞ்சடி நடைபாதையில் நிற்க வேண்டும். அக்கா போன் போடுவார். "இன்னிக்கு முடியாது தம்பி. போய்ட்டு வாங்க." பொய்தான். சோதனை. திட்டுகிறவன் வேண்டாம். தூணை உதைக்கிறவன் வேண்டாம். நிமிர்ந்து ஜன்னலைத் தேடுகிறவன் வேண்டாம். நம்பரை பிளாக் செய்துவிடுவோம். "பரவால்ல கா" என்று திரும்பி நடக்கிறவனை, முனை தாண்டுவதற்குள் கூப்பிடுவோம். வேண்டாம் என்றால் கேட்கிறவன் உள்ளேயும் கேட்பான். அது அக்காவின் கணக்கு.

அன்று வந்தவன் வெள்ளைச் சட்டை. "பரவால்ல கா. ஒடம்ப பாத்துக்குங்க," என்றான். நடந்தான். திரும்பிப் பார்க்கவில்லை. நான் தலையாட்டினேன். அக்கா கூப்பிட்டார்.

அவன் மேலே வந்தான். நான் படியில் உட்கார்ந்தேன். ஏதாவது என்றால் அக்கா "கேஸ்!" என்று கத்த வேண்டும். அடுப்பு கேஸ் கசிகிறது என்றால் அக்கம்பக்கமும் ஓடி வரும். எங்கள் காவல் முழுக்கச் சத்தத்தில் இருந்தது. அன்று வெடி போடுவார்கள் என்று தெரியும். காலையிலேயே காதில் வைக்கப் பஞ்சு எடுத்து வைத்தோம். அதற்கு மேல் யோசிக்கவில்லை.

வெடி தொடங்கியது. சரம் மாற்றும்போது ஒரு நொடி ஓய்ந்தது. அப்போது கேட்டது.

"கே—"

அவ்வளவுதான். மறுபடி வெடி. கதவைத் தட்டினேன். உதைத்தேன். இறங்கி ஓடினேன்.

காதர் அண்ணனின் கையைப் பிடித்து இழுக்கிறேன். என் முகத்தைப் பார்த்ததும் கரண்டியைப் போட்டுவிட்டு வருகிறார். படியில் அவன் இறங்கிக்கொண்டிருக்கிறான். சட்டை கசங்கவில்லை. சுவரோரம் ஒதுங்கி எங்களுக்கு வழி விடுகிறான். "போங்க கா." உதடு அப்படித்தான் அசைந்தது. தாண்டி ஓடுகிறோம். கதவு திறந்து கிடக்கிறது. அக்கா தரையில். கழுத்தில் விரல் தடங்கள். காதில் பஞ்சு.

மூச்சு இருந்தது.

ஆஸ்பத்திரியில் படியில் விழுந்ததாகச் சொன்னோம். போலீசுக்குப் போனால் முதலில் உள்ளே போவது நாங்கள். டாக்டர் கழுத்தைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். எழுதிக்கொண்டார்.

பிறகு காதர் அண்ணன் சொன்னார்: "அந்த ஆளு ரொம்ப நாளா நம்ம கடையில நிப்பான்மா. யாரு போறா, யார நீங்க திரும்பக் கூப்பிடுறீங்கன்னு பாத்துக்கிட்டே தின்னுவான். நான் என்னத்தக் கண்டேன்."

வீட்டுக்காரர் அறையைக் காலி செய்யச் சொன்னார். இப்போது செபராங் ஜெயாவில் இருக்கிறோம். பின்கட்டு. ஜன்னல் சுவரைப் பார்த்திருக்கிறது. அக்கா வாயைத் திறந்தால் காற்று மட்டும் வருகிறது. போனை நான்தான் எடுக்கிறேன். "இன்னிக்கு முடியாது தம்பி," என்கிறேன். "பரவால்ல கா," என்கிறான் ஒருவன். அக்கா என் முகத்தைப் பார்க்கிறார். பழக்கத்தில் நான் ஜன்னல் பக்கம் திரும்புகிறேன்; சுவர்தான் தெரிகிறது.

இழந்ததை எண்ணிச் சொல்கிறேன். ஓர் அறை. தெருவைப் பார்த்த ஒரு ஜன்னல். அக்காவின் குரல். ஆளை அறிய எங்களுக்குத் தெரிந்த ஒரே வழி. நான்கு.

எங்களிடம் இருந்ததே அவ்வளவுதான்.