கால் இஞ்ச்

குண்டூசி பொறுக்கக் காந்தம் உதவும் என்று எல்லோரும் நினைக்கிறார்கள். உதவாது, சார். நல்ல குண்டூசி பித்தளையில் வரும். அது காந்தத்தைச் சட்டை செய்யாது. மண்டியிட்டு, உள்ளங்கையால் தரையைத் தடவித்தான் எடுக்க வேண்டும். என் முழங்காலைப் பார்த்தீர்களானால், அந்தப் பெரிய உடை நிறுவனத்தில் நான் என்ன பயிற்சி பெற்றேன் என்று உங்களுக்கே விளங்கும்.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிவிடுகிறேன். செய்தித்தாளில் பொறாமை என்று போட்டிருக்கிறார்கள். பதினேழு வயதுப் பயிற்சிப் பெண் அழகான மாடல் மேல் பொறாமைப்பட்டாளாம். படித்ததும் எனக்கு எரிச்சலாக வந்தது. நாள் முழுக்கக் கையைத் தூக்கிக்கொண்டு மரம் மாதிரி நிற்கிற வேலைக்கு யாராவது பொறாமைப்படுவார்களா? அவளை நெட்டை என்று நான்தான் கூப்பிட ஆரம்பித்தேன். அவள் என்னைக் குண்டூசி என்பாள். அது அங்கே எல்லோரும் சேர்ந்து எனக்கு வைத்த பெயர். அவள் சொன்னால் மட்டும் கோபம் வராது.

வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருப்பது என் அம்மா. எனக்கு இடம் கிடைத்த அன்று சித்தி, பெரியப்பா, முகம்கூட மறந்துபோன ஒன்றுவிட்ட மாமா வரை போன் போட்டு, "என் பொண்ணு டிசைனர் ஆயிட்டா" என்று சொல்லி மாய்ந்தவள். நான் அங்கே செய்த டிசைன் எல்லாம் காபி தட்டில்தான். யாருக்குச் சர்க்கரை வேண்டாம், காபி ஆறிப்போனால் யார் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வார் என்பதெல்லாம் எனக்கு அத்துப்படி. பள்ளியில் தையலில் முதல் மதிப்பெண் வாங்கியவள் நான். அங்கே கத்தரிக்கோலைத் தொட்டால்கூட மாஸ்டர் முறைப்பார்.

மாஸ்டர் என்றால் கட்டிங் மாஸ்டர். முதலாளியம்மா படம் வரைவதோடு சரி; அதைத் துணியாக்குவது அவர்தான். அவருக்கு ஒரு பழக்கம். போட்டுப் பார்க்கும்போது உடை சேரவில்லை என்றால் உடையைத் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார். "என் வெட்டு சரியாத்தான் இருக்கு. ஆளைத் திருத்துங்க" என்பார். தையல்காரம்மாக்கள் எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சிரித்திருக்கிறேன். பிறகு யோசித்துப் பார்த்ததில், அதில் சிரிக்க என்ன இருக்கிறது என்று தோன்றியது.

ஷோவுக்கு இரண்டு மாதம் இருந்தபோது அவருடைய உதவியாளர் காய்ச்சலில் படுத்துவிட்டார். கடைசியாக மேடைக்கு வர வேண்டிய உடை மேசையில் விரித்துக் கிடந்தது. அந்த ஒரு உடைக்காகவே நெய்து, மாதக்கணக்கில் கையால் மணி கோத்த பட்டு. மாஸ்டர் சுற்றும் முற்றும் பார்த்தார். வேறு வழியில்லாமல் என்னைப் பார்த்தார்.

"குண்டூசி, இடுப்புக்குப் பக்கத் துண்டு ரெண்டும் நீ வெட்டு. கை நடுங்கினா இப்பவே சொல்லிடு."

"நடுங்காது, மாஸ்டர்."

நடுங்கவும் இல்லை. அவ்வளவு சுத்தமாக நான் வாழ்க்கையில் வெட்டியதில்லை. காகித அச்சைத் துணிமேல் வைத்து, கோட்டின் மேலேயே கத்தரியை ஓட்டினேன். நூல் பிசகவில்லை. மாஸ்டர் எட்ட நின்று பார்த்துவிட்டு "பரவாயில்லையே" என்றார். எத்தனையோ மாதம் காத்திருந்த ஒரு சொல் அது. அன்று வீடு திரும்பும்போது பஸ்ஸில் எனக்கு அழுகை வந்துவிட்டது.

அடுத்த நாள் காலையில் வெட்டிப்போட்ட துண்டுகளைக் கூட்டிக்கொண்டிருந்தேன். மாஸ்டர் வெட்டியதிலிருந்து விழுந்தவை ஒல்லியாக இருந்தன. நான் வெட்டியதிலிருந்து விழுந்தவை கொஞ்சம் அகலமாக இருந்தன. துடைப்பத்தைப் பிடித்தபடி அப்படியே நின்றுவிட்டேன். பள்ளியில் கொடுக்கும் காகித அச்சில் தையலுக்கு விட வேண்டிய இடமும் சேர்ந்தே இருக்கும். இந்த நிறுவனத்து அச்சில் அது இருக்காது; சுற்றிலும் கால் இஞ்ச் விட்டுத்தான் வெட்ட வேண்டும். அந்த அறையில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம் என்பதால் யாரும் வாய்விட்டுச் சொன்னதில்லை. என்னிடம் சொல்ல வேண்டும் என்று யாருக்குத் தோன்றும்? நான் காபி கொண்டுவருகிறவள்தானே.

இரண்டு துண்டுக்கும் சேர்த்து நான்கு ஓரம், ஒவ்வொன்றிலும் கால் இஞ்ச். இடுப்பில் முழுசாக ஒரு இஞ்ச் போயிற்று. பிரித்துத் தைக்கலாமே என்பீர்கள். மணி வேலை ஓரம் வரை வந்துவிட்டது, பிரிக்க இடமில்லை. இன்னொரு கஜம் துணியும் இல்லை. சொல்லியிருக்கலாமே என்பீர்கள். சொன்னால் அந்த "பரவாயில்லையே" என்னவாகும்?

உடையில் இனி கை வைக்க முடியாது. மிச்சம் இருந்தது நெட்டைதான்.

ஆளை அளப்பது பயிற்சிப் பெண்ணின் வேலை. மாஸ்டர் துணியைத்தான் தொடுவார், மாடல்களைத் தொட மாட்டார். நான் எண்ணைச் சொல்ல, அவர் கேட்டுக்கொள்வார். என் இஞ்ச் டேப்பின் நுனியில் இருந்த தகரத்தைக் கழற்றி, முதல் இஞ்சை வெட்டிவிட்டு, தகரத்தைத் திரும்ப மாட்டினேன். இனி எதை அளந்தாலும் ஒரு இஞ்ச் கூடுதலாகத்தான் காட்டும். டேப்பில் எண் எங்கே விழுகிறது என்றுதான் எல்லோரும் பார்ப்பார்கள். நுனியை யாரும் பார்ப்பதில்லை.

போட்டுப் பார்த்த அன்று கொக்கி சேரவில்லை. மாஸ்டர் உடையைத் திரும்பிப் பார்க்கவில்லை. "ஆளை அளந்து பாரு" என்றார். அளந்தேன். எண்ணைச் சொன்னேன்.

"ஒரு இஞ்ச் ஏறிட்டியேம்மா" என்றார் அவளிடம். "இந்த உடையை வேற பொண்ணுக்குத்தான் போடணும் போல."

அது நடக்கக் கூடாது, சார். வேறு பெண்ணுக்கும் சேராது. இரண்டு பேருக்குச் சேரவில்லை என்றால் அவரே துண்டுகளை எடுத்துப் பார்ப்பார். அதனால் நான் குறுக்கே பேசினேன். "அவ குறைச்சிடுவா, மாஸ்டர். நான் கூட இருந்து பார்த்துக்கறேன்." நெட்டை என் கையைப் பிடித்துக்கொண்டாள். உடை மாற்றும் அறைக்கு வந்ததும் என்னைக் கட்டிக்கொண்டு, "நீ மட்டும் இல்லேன்னா என்னை அனுப்பியே இருப்பாங்கடி" என்று அழுதாள்.

அன்றிலிருந்து அவள் சாப்பாடு என் பொறுப்பு. நான் அவளுக்கு எதுவும் கலந்து கொடுக்கவில்லை. திரும்பத் திரும்பக் கேட்கிறீர்களே, அதனால் சொல்கிறேன். கொடுக்க வேண்டிய அவசியமே வரவில்லை. நடந்து பழக அவளுக்குக் காடாத் துணியில் தைத்த ஒத்திகை உடை ஒன்று இருந்தது. மற்றவர்கள் சாப்பிடப் போகும் நேரத்தில் அதை எடுத்து, பக்கத் தையலை நூல் அளவு உள்ளே தள்ளித் தைத்துவைப்பேன். சில நாள் விட்டு மறுபடியும். அவள் இளைக்க இளைக்க, உடையும் கூடவே இளைத்தது. போடும்போதெல்லாம் அவளுக்கு இறுக்கமாகவே இருக்கும்.

"என்னடி இது, தண்ணி குடிச்சாக்கூட எனக்கு உடம்பு ஏறுதா?" என்பாள்.

"அப்ப தண்ணியையும் கொஞ்சம் கம்மியா குடி" என்றேன். விளையாட்டாகத்தான் சொன்னேன். அவள் விளையாட்டாக எடுத்துக்கொள்ளவில்லை.

என் சாப்பாட்டு டப்பாவைத் திறந்தால் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "நீ சாப்பிடு, நான் பார்த்துக்கிட்டிருக்கேன்" என்று சிரிப்பாள். கஷ்டமாகத்தான் இருந்தது. அதனால் படிக்கட்டில் போய்ச் சாப்பிட ஆரம்பித்தேன். அவள் அம்மா ஒரு தடவை தையல் அறைக்கே போன் செய்தார். "போன்ல பேசினாலே மூச்சு வாங்குதேம்மா அவளுக்கு. சரியா சாப்பிடறாளா?" என்று கேட்டார். "நான் கூடவேதான் இருக்கேன், அத்தை. நல்லா சாப்பிடறா" என்றேன். பெற்ற வயிற்றை எதற்கு வீணாகக் கலங்கடிக்க வேண்டும்?

பாதியிலேயே பட்டு உடையின் கொக்கி சேர்ந்துவிட்டது. அப்போதே ஏன் நிறுத்தவில்லை என்று காலையில் என்னை விசாரித்த பெண் அதிகாரி கேட்டார். நியாயமான கேள்விதான். ஆனால் மேடையில் மூச்சு விட வேண்டும், படி ஏற வேண்டும். கணக்காக வெட்டி ஒரு தடவை பட்டாயிற்று. இந்தத் தடவை கொஞ்சம் விட்டுவைப்போம் என்று நினைத்தேன். ஒத்திகை உடையை இன்னும் சில முறை உள்ளே தள்ளினேன்.

ஷோ அன்று அந்த உடை அவள்மேல் தளர்ந்து தொங்கியது. நானே முதுகுப் பக்கம் மடித்துக் குண்டூசி குத்தி நிறுத்தினேன். ஒரு ஊசி லேசாகத் தோலில் பட்டிருக்கும் போல, அவள் அசையவில்லை. அவள் நடந்து போனபோது அரங்கமே எழுந்து நின்றது. முதலாளியம்மா அழுதார். மாஸ்டர் என் தோளில் கை வைத்து, "பக்கத் துண்டு அருமையா உட்கார்ந்திருக்கு" என்றார். அந்த நிமிடம் எனக்குப் போதும், சார். உண்மையாகவே சொல்கிறேன், போதும்.

திரும்பி வந்தவள் மேடைக்குப் பின்னால் இருக்கும் படியில் உட்கார்ந்தாள். "குளிருதுடி" என்றாள். பிறகு சுவரில் சாய்ந்துகொண்டாள். உதடு நீலம் பூத்திருந்தது. அங்கே வேறு யாரும் இல்லை.

நான் உடனே யாரையும் கூப்பிடவில்லை என்பதைக் கேமராவில் பார்த்துவிட்டீர்கள். ஆம்புலன்ஸ்காரர்கள் வந்தால் முதல் வேலையாகக் கத்தரியை எடுத்து உடையைக் கிழிப்பார்கள் என்று எனக்குத் தெரியும். அதனால் ஊசிகளை எடுத்தேன். கொக்கிகளை ஒவ்வொன்றாகக் கழற்றினேன். மொத்தம் நிறையக் கொக்கி. உடையை உருவி, மணி உதிராமல் மாட்டி வைத்துவிட்டு, அவள்மேல் ஒரு போர்வையைப் போர்த்திவிட்டு, அதன் பிறகுதான் கத்தினேன். சீக்கிரம் வந்திருந்தால் இதயத்தைத் திரும்ப ஓடவைத்திருக்கலாம் என்று டாக்டர் சொன்னாராம். இருக்கலாம். ஒரு மணிகூட உதிரவில்லை.

அதற்கப்புறம் ஒரு தையல்காரம்மா என் டேப்பை எடுத்து மேசை விரிப்பு அளந்து வெட்ட, அது ஒரு இஞ்ச் குறைந்துபோயிற்று. அதில்தான் நான் மாட்டினேன். டேப்பை வெட்டியது நான்தான். ஒத்திகை உடையைச் சிறிதாக்கியது நான்தான். சாப்பிடாமல் இருக்க வைத்ததும், சாகக் கிடந்தவளிடமிருந்து உடையைக் கழற்றிக்கொண்டு நின்றதும் நான்தான். எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். அம்மாவையும் போடச் சொல்லுங்கள். எனக்கு இன்னும் பதினெட்டு ஆகவில்லையாமே.

ஒரே ஒரு வேண்டுகோள். இந்த வாக்குமூலம் மாஸ்டர் கைக்குப் போகுமா? போகும் என்றால், அந்தக் கால் இஞ்ச் விஷயத்தை மட்டும் எடுத்துவிடுங்கள். திரும்பி வந்தால் என்னைக் கட்டிங் மேசையில் சேர்த்துக்கொள்வார் என்று நம்பிக்கொண்டிருக்கிறேன். வேண்டுமானால் அந்த இடத்தில் பொறாமை என்றே போட்டுக்கொள்ளுங்கள், சார்.