மேற்குக் கரையில் கிடந்த சிங்கம்

பெயர் பெர்பெத்துவா நியிரெண்டா. வயது எழுபத்து மூன்று. காலஞ்சென்ற வனக்காவலர் கெர்ஷோம் நியிரெண்டாவின் மனைவி. முகவரி: மிஷன் சாலை, சிதுலி காப்பகத்தின் தெற்கு வாயிலுக்கு எதிரில், லுவாங்வா பள்ளத்தாக்கு, ஜாம்பியா. முன்பு கன்னியர் மடத்துப் பள்ளியில் படித்து, அதே பள்ளியில் ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றேன். கடந்த பத்தொன்பது வருடங்களாகக் காப்பகத்து விலங்குகளைப் படம் பிடித்து வருகிறேன்.

முதலில் ஒன்றைத் திருத்த வேண்டும். நான் சிங்கத்தை வேட்டைக்காரர்களுக்கு விற்றதாகச் சந்தையில் பேசுகிறார்கள். இந்தக் காவல் நிலையத்தின் வழக்குத் தாளிலும் ‘தகவல் கொடுத்த பெண்’ என்று என்னைக் குறித்திருப்பதை, இதை எழுதிக்கொள்ளும் சார்ஜன்ட் ம்பேவே தாளைக் கவிழ்த்து வைப்பதற்கு முன்பே நான் படித்துவிட்டேன். நான் எதையும் விற்கவில்லை. நடந்து வந்தவர்கள் பாதையைப் பற்றிக் கேட்டார்கள், நான் பதில் சொன்னேன். இரண்டும் ஒன்றல்ல என்பது இந்தப் பள்ளத்தாக்கில் பிறந்த எவருக்கும் தெரியும். சார்ஜன்ட்டும் இங்கேதான் பிறந்தார்.

ஆற்றுக்கு மேற்கே காப்பகம், அங்கே வேட்டை கூடாது. கிழக்கே வேட்டைநிலம், அங்கே அனுமதிச்சீட்டு உள்ளவர் சுடலாம். இறந்தது இடது காது கிழிந்த ஆண் சிங்கம். சுற்றுலா முகாம்களில் அதற்குப் பெயர் வைத்திருக்கிறார்கள். நான் விலங்குகளுக்குப் பெயர் வைப்பதில்லை. ஆறு வருடங்களாக எல்லாப் பருவத்திலும் அதைப் படம் பிடித்திருக்கிறேன். பிப்ரவரியில் சாலைகள் நீரில் மூழ்கியிருக்கும்போது வாயிற்கோபுரத்திலிருந்து, புல்லுக்கு மேலே தலை மட்டும் தெரிய எடுத்தேன். ஜூன் மாதக் குளிரில் அதன் மூச்சு புகையாவதை எடுத்தேன். அக்டோபரில் புல் எரிந்து குட்டைகள் வெடித்துக் கிடக்கும்போது அது ஒரே இடத்தில்தான் படுக்கும்: மேற்குக் கரையில், மழையில் இலையுதிர்த்து வறட்சியில் தழைக்கும் பெரிய முள்மரத்தின் நிழலில். அதற்குப் பின்னால் கரை சுவர்போல நிற்கிறது. அதில் செந்நிறப் பஞ்சுருட்டான் பறவைகள் நூற்றுக்கணக்கில் துளையிட்டுக் கூடு வைக்கின்றன. கிழக்குக் கரை தாழ்ந்த மணல், அங்கே ஒரு துளைகூட இல்லை.

இந்த மாதம் பதினோராம் தேதி காலை ஐந்து மணிக்கு என் கணவரின் பழைய ஜீப்பை நானே ஓட்டிக்கொண்டு தெற்கு வாயில் வழியாக உள்ளே சென்றேன். அதன் பிறகு ஐந்து ஐம்பதிலிருந்து ஆறு முப்பது வரை மேற்சொன்ன முள்மரத்தடியில் மேற்சொன்ன சிங்கத்தை நாற்பத்தொரு படங்கள் எடுத்தேன். எல்லாப் படத்திலும் பின்னால் பறவைத் துளைகள் இருக்கின்றன. கேமராவின் கடிகாரத்தை ஒவ்வொரு ஞாயிறும் வானொலிச் செய்தி நேரத்தை வைத்துச் சரிசெய்வது என் வழக்கம்.

அதன் பிறகு அரை கிலோமீட்டர் தெற்கே ஆற்றைக் கடக்கும் துறைக்கு வந்தேன். அங்கிருந்து மிஷன் மருத்துவமனைக்குப் போகும் ஒற்றையடிப் பாதையில் ஊரார் நடக்க உரிமை உண்டு. கால்சட்டையைச் சுருட்டிவிட்டு, செருப்பைக் கையில் பிடித்தபடி இரண்டு பேர் கிழக்கிலிருந்து தண்ணீரில் இறங்கி வந்தார்கள். ஒருவன் வேட்டை முகாமில் தடம் பார்க்கும் யோத்தாமு. அவனுக்கு நான் எழுத்து கற்பித்திருக்கிறேன். மற்றவனைத் தெரியாது. இருவர் கையிலும் துப்பாக்கி இல்லை. யோத்தாமு முழங்காலை மடக்கி, கை தட்டி வணங்கிவிட்டு, “அம்மா, பாதை எப்படி இருக்கு?” என்று கேட்டான்.

வெறுங்கையோடு நடந்து வருபவன் இப்படிக் கேட்டால், பார்த்ததை மறைக்காமல் சொல்ல வேண்டும் என்பது எங்கள் வழக்கம். சொல்லாமல் விட்டு அவன் செத்தால் அந்தச் சாவு சொல்லாதவர் கணக்கில் சேரும். கையில் ஆயுதம் இருப்பவனுக்கு இந்தப் பதில் கிடையாது. ஆகவே நான், “பெரிய முள்மரத்தடியில ஆண் சிங்கம் படுத்திருக்கு. அந்தப் பக்கம் போகாதீங்க, மேட்டு வழியாச் சுத்திப் போங்க” என்றேன். தன் தங்கைக்குக் குழந்தை பிறந்திருப்பதாகவும் அதைப் பார்க்கப் போவதாகவும் அவன் சொன்னான். குழந்தையின் பெயரைக் கேட்டேன், ஒரு பெயரும் சொன்னான். அப்படி ஒரு பிரசவமே நடக்கவில்லை என்பதைப் பிறகு மருத்துவமனையில் விசாரித்து அறிந்தேன்.

அவன் சட்டையின் வலது தோளில், துப்பாக்கி வார் அழுத்தித் தேய்ந்த பட்டை எண்ணெய்க் கறையோடு இருந்தது. அதைப் பார்த்தேன், யோசிக்கவில்லை. துப்பாக்கியையும் அதற்குரியவரையும் ஆற்று வளைவுக்கு அப்பால் நிறுத்திவிட்டு, வெறுங்கையோடு வந்தால் நான் சொல்லிவிடுவேன் என்று தெரிந்தே அவன் வந்தான் என்பது பிறகுதான் எனக்குப் புரிந்தது. சொன்னது நான்தான். இதை மறுக்கவில்லை, இப்படியே எழுதவும்.

அதன் பிறகு வாயிலை நோக்கிப் போகும் வழியில் ஏழு இருபத்தைந்துக்கு இரண்டு வெடிச்சத்தமும், சற்றுப் பொறுத்து ஒன்றும் கேட்டன. ஜீப்பைத் திருப்பிக்கொண்டு ஏழு ஐம்பதுக்கு முள்மரத்தடிக்குப் போனபோது சிங்கம் இல்லை. மண்ணில் ரத்தம் இருந்தது. அங்கிருந்து கனமான ஒன்றை இழுத்த தடம் மேற்குக் கரையிலிருந்து கிழக்குக் கரைக்கு மணலில் சென்றது. (இந்த இடத்தில் சார்ஜன்ட் ‘கிழக்கிலிருந்து மேற்கே’ என்று எழுதினார். அடித்துத் திருத்தச் சொல்லி, அருகில் என் சுருக்கொப்பம் இட்டிருக்கிறேன்.) தடத்தைப் பன்னிரண்டு படங்கள் எடுத்தேன்.

அப்போது வேட்டை முகாம் மேலாளர் க்ளெமென்ஸ் ஷாவா தன் வண்டியை ஆற்றுக்குள் இறக்கிக் கொண்டுவந்து என் ஜீப்புக்குக் குறுக்கே நிறுத்தினார். காலை வணக்கம் சொல்லவில்லை. “பாட்டி, உங்க வேலை படம் பிடிக்கிறது. அதோட நிறுத்திக்கங்க” என்றார்.

“அதைத்தான் செஞ்சேன்” என்றேன்.

அவர் வானத்தைப் பார்த்துச் சிரித்து, “இன்னும் நாலு வாரம். மழை விழுந்தா இந்தத் தடத்தை எங்க போய்த் தேடுவீங்க?” என்றார். பிறகு தொப்பியைத் தொட்டுவிட்டுப் போனார்.

அதன் பிறகு எட்டு நாற்பதுக்கு வாயில் அலுவலகத்தில் நடந்ததைச் சொன்னேன். பதிமூன்றாம் தேதி காலை சார்ஜன்ட் ம்பேவே என் வீட்டுக்கு வந்து, விசாரணைக்கு வேண்டும் என்று கேமராவின் மெமரி கார்டை வாங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். ரசீது கேட்டேன். “நான் என்ன திருடனாம்மா?” என்றார். ரசீது தரவில்லை. பதினைந்தாம் தேதி என் காப்பக அனுமதி ரத்தானது. பதினாறாம் தேதி யோத்தாமு இதே மேசையில், சிங்கம் கிழக்குக் கரையில் இருப்பதாக நான் சொன்னேன் என்று வாக்குமூலம் கொடுத்திருக்கிறான்.

அடுத்த ஞாயிறு பூசை முடிந்ததும் தேவாலய வாசலில் அவனை நிறுத்திக் கேட்டேன். என் முகத்தைப் பார்க்காமல், “நீங்க சொன்னது மேற்குதாம்மா. ஆனா என் பிள்ளைங்க தூங்குறது முகாம்காரங்க கூரைக்குக் கீழ” என்றான். அருகில் யாரும் இல்லை. அவனுக்காக நான் இரக்கம் கேட்கவில்லை. அவன் சொன்னதை மட்டும் பதிவு செய்யக் கேட்கிறேன்.

சந்தையில் கருவாடு விற்கும் ஃபெய்டெஸ், பத்துப் பேர் கேட்க, “டீச்சர், அடுத்து எந்த மிருகத்தை விக்கப்போறீங்க? என் புருஷனையும் சேத்துக்கங்க, அவனும் நெழல்ல சும்மாதான் கெடக்கான்” என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு வேண்டிய கருவாட்டைப் பொறுக்கி எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். சோளமாவில் ன்ஷீமாக் களி கிண்டினேன். சாப்பிடவில்லை.

இன்று அக்டோபர் இருபத்தேழு. நேற்று மாலை கிழக்கே முதல் மேகம் திரண்டது. இதுவரை எந்த அதிகாரியும் மேற்குக் கரைக்குப் போய் அளவு எடுக்கவில்லை. காற்று பாதித் தடத்தை மூடிவிட்டது. முதல் மழையில் மீதியும் ரத்த மண்ணும் போய்விடும். பஞ்சுருட்டான்கள் குஞ்சுகளோடு தெற்கே போய்விடும், ஜனவரி வெள்ளம் அந்தத் துளைச் சுவரையே அறுத்துத் தள்ளும். அதன் பிறகு அந்தச் சிங்கம் எந்தக் கரையில் கிடந்தது என்பதையும், அதைப் பற்றி நான் என்ன சொன்னேன் என்பதையும் காட்ட அந்தக் கார்டைத் தவிர வேறொன்றும் இருக்காது. கார்டு எங்கே என்று இன்று இரண்டு முறை கேட்டேன். முதல் முறை மாவட்டத் தலைமையகத்தில் என்றார்கள், இரண்டாம் முறை அலமாரியில் என்றார்கள். அலமாரியைத் திறக்கச் சொன்னேன். சாவி வைத்திருப்பவர் விடுப்பில் இருக்கிறாராம்.

இதில் உள்ளவை நான் கண்ணால் பார்த்தவையும் காதால் கேட்டவையும் மட்டுமே. இதை எனக்கு யாரும் படித்துக்காட்டவில்லை. என் கண்ணாடியை அணிந்து நானே இருமுறை படித்து, மூன்று இடங்களில் திருத்தி, உண்மை என்று ஏற்று ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் ஒப்பமிட்டிருக்கிறேன்.

அக்டோபர் பதிமூன்றாம் தேதி என்னிடமிருந்து பெற்ற மெமரி கார்டு இப்போது யாருடைய பொறுப்பில் உள்ளது என்பதையும், ஐம்பத்து மூன்று படங்களும் அதில் அப்படியே உள்ளனவா என்பதையும், பதில் தருபவரின் பெயர், பதவி, கையெழுத்தோடு மேற்கண்ட முகவரிக்கு எழுத்துமூலம் தெரிவிக்கக் கேட்டுக்கொள்கிறேன்.

(ஒப்பம்) பெ. நியிரெண்டா