தோசைக்கல்லில் வீடியோ கேம்

திண்டிவனத்தில் கிளம்பிய விழுப்புரம் பேருந்தில், முன்சீட்டு இளைஞன் திடீரென்று மனைவியிடம் சொன்னான்: "வீடியோ கேம்லேர்ந்து கழட்டின சர்க்யூட் போர்டைத் தோசைக்கல்லு மேல வெச்சிட்டு வந்துட்டேன்."

"இன்னாத்துக்கு?"

"செகண்ட் ஹேண்ட்ல வாங்கினதாச்சே, உள்ள பத்தவெச்ச ஈயம் விட்டுப்போச்சி. சூடு காட்டினா புடிச்சிக்கும்னு ஒருத்தன் வீடியோ போட்டிருந்தான்."

"அது எங்கம்மா பழக்கிக் குடுத்த கல்லுங்க. சோப்புகூட பட உடமாட்டேன் நானு."

"அத உடு. பஸ்சுக்கு நேரமாச்சின்னு நீ கத்திக்கினு இருந்தியா, அடுப்ப அணைச்சேனான்னு தெரியல."

வெளியூர் கிளம்புமுன் கேஸ் ரெகுலேட்டரை மூடுவதே முறை. என்னை யாரும் கேட்கவில்லை.

அவன் எழுந்தான், உட்கார்ந்தான், மறுபடி எழுந்தான். சாவி கொடுத்து வைத்திருந்த பக்கத்து வீட்டம்மாவுக்கு மனைவி ஃபோன் போட்டாள். விக்கிரவாண்டி தாண்டிய பிறகுதான் அந்தம்மா திரும்ப அழைத்தார். ஸ்பீக்கரில் போட்டதால் எல்லாருமே கேட்டோம்.

"அடுப்பு அணைஞ்சிதாம்மா இருக்குது. பேஜார் ஆவாதீங்க."

இருவரும் சாய்ந்து உட்கார்ந்தார்கள்.

"கல்லு மேல இன்னாவோ பச்சையா தகடு ஒண்ணு கெடந்துது. கல்லு, தகடு ரெண்டையும் நல்லா சோப்பு போட்டுத் தேச்சிக் கழுவி வெச்சிட்டேன். நீங்க நிம்மதியா போய்ட்டு வாங்க."