சோத்தாங்கைப் பக்கத்து சீட்டு

வருவாக தம்பி, இப்ப வந்துருவாக, நீங்க உக்காருங்க. ஷெட்டுக்குள்ளதான் இருக்காக, வண்டியத் துடைச்சுக்கிட்டு. வண்டி பாக்க வாரதும் பொண்ணு பாக்க வாரதும் ஒண்ணுதான, பவுடர் பூசாமக் காட்டுவாகளா? இந்த ரம்புட்டான் எடுத்துக்கிடுங்க, நேத்துதான் குத்தாலத்துல வாங்கினது. இல்ல இல்ல, நீங்க உள்ள போக வேண்டாம். வண்டிகிட்ட இருக்கும்போது ஆள் போனா அவுகளுக்குப் பிடிக்காது. பொண்டாட்டி நானே போறதில்ல.

ஏங்க! பீச்சாங்கைப் பக்கம் வாளி இருக்கு, உதைச்சுத் தள்ளிராதீங்க!

இப்படித்தான் தம்பி. வாளி எங்க இருக்கோ அங்கன போய் மோதுவாக. கண்ணை எங்க வச்சிருப்பாகளோ.

கோயம்புத்தூர்லேருந்தா வாரீக? அம்புட்டுத் தூரத்துலேருந்து இந்தச் சாரல்ல, இந்தத் தகரத்தப் பாக்கவா? எம்மவன் அபி போட்டோவப் போட்டிருப்பானே இன்டர்நெட்டுல. நல்ல பக்கமாப் பாத்து எடுத்திருப்பான். பெங்களூர்ல வேலை பாக்கான்லா, அங்கன உள்ளவனுக்கு எல்லாத்தையும் போட்டோ எடுத்து வித்துரணும். அந்தப் பக்கத்துக் கதவ எடுத்திருக்க மாட்டானே? அதைத் திறந்தா கையோட வந்துரும். பீச்சாங்கைப் பக்கமாத் திரும்பினா ஆரன் தன்னால அடிக்கும். போன வருசம் ஒரு துட்டி வீட்டு வாசல்ல திரும்பினோம், செத்தவுகளைத் தவிர எல்லாரும் எந்திரிச்சுட்டாக. டிக்கியில மழைத்தண்ணி நிக்கும், மீன் வளக்கலாம். பெட்ரோலப் பத்திக் கேக்காதீங்க. தென்காசி போயிட்டு வாரதுக்குள்ள பங்க்குக்காரன் பேரப்பிள்ளைக்குக் காதுகுத்தே முடிச்சிருவான்.

அசைஞ்சு தின்னுது யானை, அசையாமத் தின்னுது வீடும்பாக. இது ஓடினாலும் திங்கும், நின்னாலும் திங்கும்.

எத்தனை வண்டி இருந்துச்சா? அதை ஏன் கேக்கீக. எங்க மாமனாருக்கு செங்கோட்டையில மர மில்லு. அவரு ஒரே ஒரு டாட்ஜ் வண்டிய வாங்கிப் போட்டுட்டுப் போய்ச் சேந்தாரு. அவரு மகன் இவுக அதைப் புடிச்சுக்கிட்டாக. அப்புறம் பிளைமவுத்து, ஸ்டூடிபேக்கர், ப்யூக்கு. அமெரிக்காக்காரன் வேண்டாம்னு கழிச்சது பூராவும் இந்த இலஞ்சியிலதான் வந்து நின்னுச்சு. பக்கத்து வீட்டுக்காரன் வயல் வாங்கினான், எதுத்த வீட்டுக்காரன் லாட்ஜ் கட்டினான். எங்க வீட்டுல ஷெட்டுச் சுவரை இடிச்சு இடிச்சு நீட்டினோம். சுவரைத் தள்ளத் தள்ள எனக்கு அடுக்களை சிறுத்துச்சு. ஊருல இவுக பேரு நாறும்பூநாதன்னா ஒருத்தனுக்கும் தெரியாது. பிளசர்னா அப்பல்லாம் காரு; பிளசர் அண்ணாச்சின்னு கேளுங்க, பச்சைப்பிள்ளையும் வழி சொல்லும்.

என்னைப் பொண்ணு பாக்க வந்ததே அந்த டாட்ஜுலதான். எங்கூரு கீழப்பாவூர். நான் காப்பித் தட்டத் தூக்கிக்கிட்டு வந்து நிக்கேன், மாப்பிள்ளை எங்க வீட்டு வாசக்கேட்டப் பாத்துக்கிட்டிருக்காக. வடிவம்மா எப்படி இருக்கான்னு பாக்கலை. கேட்டுக்குள்ள வண்டி நுழையுமான்னு பாக்காக. கல்யாணத்தன்னைக்கு ஊர்வலம் பாதியில வண்டி நின்னு போச்சு. மேளக்காரனெல்லாம் தள்ளுதான். மாமனார் தள்ளுதாரு. இவுக பாத்துட்டு, ஏட்டி, நீயும் இறங்கிட்டா வெயிட்டு குறையும்லான்னாக. தாலி கட்டி முழுசா அரைநாள் ஆகலை தம்பி. இறங்கினேன். இறங்கினதும் தள்ளவும் சொன்னாக. பட்டுச்சேலையோட தள்ளினேன். அந்தக் கரி எங்க கல்யாணச் சேலையில இன்னும் இருக்கு, வேணும்னா எடுத்தாரேன்.

சிரிக்கீக. இன்னும் கேளுங்க. இங்கன சாரல் ஆரம்பிச்சா இரும்பு தாங்காது, ரெண்டு நாள்ல துருப்பிடிச்சிரும். அதுக்கு என்ன செஞ்சாக தெரியுமா? அருவிக்கரையில எண்ணெய் தேய்ச்சு விடுதவுக இருப்பாகல்லா, அதுல சுடலைமுத்துன்னு ஒருத்தரை வீட்டுக்குக் கூட்டியாந்தாக. எனக்கு அப்ப மூட்டுவலி. ஆகா, நம்ம மேலயும் மனுசனுக்கு அக்கறை இருக்குன்னு பாயை விரிச்சு உக்காந்துட்டேன். சுடலைமுத்து நேரா ஷெட்டுக்குப் போயி வண்டிக்கு அடியில படுத்து விளக்கெண்ணெய் தேய்க்காரு. பானெட்டைப் புடிச்சு விடுதாரு. போகும்போது எங்கிட்ட, அம்மா, நல்ல உடம்புன்னு சொல்லிட்டுப் போறாரு.

ஏங்க! போதும், பெயிண்ட்டு போயிரும்! வந்தவுக காத்துக்கிட்டிருக்காகல்லா!

வருவாக. பைய வருவாக. நீங்க டீயக் குடிங்க.

மத்த வண்டியெல்லாமா? போயிருச்சு. மக ஸ்வாதி கல்யாணத்துக்கு ப்யூக்கு, அபி படிப்புக்கு ஸ்டூடிபேக்கரும் பிளைமவுத்தும். டாட்ஜ ஒரு மலையாளத்தான் வந்து ஏத்திக்கிட்டுப் போனான், அன்னைக்கு இவுக கேரளா எல்லை, புளியரை வரைக்கும் பின்னாலயே போயி வழியனுப்பிட்டு வந்தாக. மகளை அனுப்பும்போது கூட வாசலோட நின்னுட்டாக. கடைசியா வாங்கி, கடைசியா மிஞ்சினது இந்த செவர்லே இம்பாலாதான். ஏன் மிஞ்சுச்சுன்னா எடுப்பார் இல்ல. நீளத்தப் பாத்தீகல்லா? மூஞ்சி இலஞ்சியில நின்னா வாலு குத்துக்கல்வலசையில நிக்கும். வாலுல ரெண்டு றெக்கை வேற. அது போதாதுன்னு ஸ்டியரிங்கு பீச்சாங்கைப் பக்கம்.

ஆமா தம்பி, மத்ததெல்லாம் நம்மூரு மாதிரி. இது மட்டும் இப்படி. மெட்ராஸ்ல எந்த வெள்ளைக்காரத் துரைக்கோ கப்பல்ல வந்த வண்டியாம், அவன் போகும்போது விட்டுட்டுப் போயிட்டான். அப்ப டிரைவர் உக்காரவேண்டிய சோத்தாங்கைப் பக்கம் யாரு உக்காரணும்? நான். முதல்நாளே தென்காசி ரயில்வே கேட்டுப் பக்கத்துல போலீஸ்காரர் கையக் காட்டி நிறுத்திட்டாரு. நேரா எங்கிட்ட வந்து, லைசென்ஸ எடும்மாங்காரு. மடியில தூக்குவாளி, கையில முறுக்கு. அந்தப் பக்கம் இவுக ஸ்டியரிங்கப் புடிச்சுக்கிட்டு உக்காந்திருக்காக, அவரு கண்ணுக்கு இவுக ஆளாவே தெரியலை. நம்மூருக் கண்ணுக்கு சோத்தாங்கைப் பக்கம் எவன் உக்காந்திருக்கானோ அவன்தான் டிரைவர். நான் என்ன சொல்ல? வண்டி தன்னால ஓடுதுங்கன்னேன்.

அன்னைக்குப் பிடிச்ச சனியன். அந்தப் பக்கம் உக்காந்து ஓட்டுதவருக்கு எதுத்தாப்புல வார வண்டி தெரியாதுல்லா? முன்னால ஒரு பஸ்ஸு போனா முடிஞ்சுபோச்சு. ஆலங்குளம் ரோட்டுல போகும்போதெல்லாம், ஏட்டி வருதா, ஏட்டி வருதா. நான் தலைய வெளிய நீட்டிப் பாத்து, வருது பொறுங்க, வரலை போங்கன்னு சொல்லணும். ஒரு பாட்டுக் கேக்க முடியாது, கண்ணசர முடியாது. அசந்தா ரெண்டு பேரும் சிவலோகம். நகை கேட்டேன் தரலை, கொடைக்கானல் கேட்டேன் கூட்டிட்டுப் போகலை. உசுரை மட்டும் எங்கிட்டக் கொடுத்து வச்சுக்கிட்டாக. தூக்கத்துல கூட வருதான்னு முனங்குவாக. நானும் தூக்கத்துலயே, வரலை போங்கன்னு சொல்லிட்டுத் திரும்பிப் படுத்துக்கிடுவேன்.

ஓடுதா இல்லையான்னா கேக்கீக? ஓடாம என்ன, தினமும் சாயங்காலம் ஓடுது. இலஞ்சியிலேருந்து புறப்பட்டு தென்காசிக் கோயில் வாசல், அங்கனயிருந்து குத்தாலம், ஒரு சுக்குக்காப்பி, வீடு. மாட்டு வண்டி முந்திக்கிட்டுப் போகும், அந்த வேகம். ரோடெல்லாம் கும்பிடுதான். பிளசர் அண்ணாச்சி வாராருன்னு லாட்ஜ்காரன் எந்திரிக்கான், பூக்கடைக்காரி சிரிக்கா. இவுகளும் ராசா மாதிரி கையத் தூக்குவாக. அந்தக் கைய ஒருநாள் தூக்கலைன்னா அன்னைக்குச் சோறு இறங்காது. மனுசனுக்கு நோய் என்னென்ன விதமா வருது பாருங்க.

என்ன தம்பி அப்படிப் பாக்கீக?

ஆமா. குறையாத்தான் சொல்லுதேன். விக்கதுக்கு வச்சிருக்க மாட்டைப் பல்லு இல்ல, பால் இல்லன்னு யாராவது சொல்லுவாகளா? நீங்க வெவரமான ஆளு. கதவு ஒண்ணும் கையோட வராது. டிக்கியில ஒரு சொட்டுத் தண்ணி இறங்காது. ஆரன் மட்டும் நெசம்.

இங்கன வாங்க, இந்தத் தூணுகிட்ட நின்னு பாருங்க. சத்தம் போடாம. துடைக்காகன்னு சொன்னேன்லா? கையில துணி இருக்கா பாருங்க. துடைக்கலை தம்பி, தடவுதாக. மூஞ்சியில ஆரம்பிச்சு றெக்கை வரைக்கும் போயி, அங்கனயிருந்து திரும்பி வருவாக. அவுகளுக்குக் கண்ணு தெரியாது.

நாலு வருசமாச்சு. கண்ணுக்குள்ள அழுத்தம் கூடிருச்சாம், போனது திரும்பாதுன்னு திருநெல்வேலி டாக்டர் சொல்லிட்டாரு. அந்த டாக்டருக்குத் தெரியும், மெக்கானிக்கு துல்கர்னைனுக்குத் தெரியும், எனக்குத் தெரியும். பெத்த மகனுக்குத் தெரியாது. அப்பாவுக்குக் கண்ணாடி பவர் கூடிருச்சுன்னு நினைச்சுக்கிட்டிருக்கான். யாருக்கும் சொல்லக்கூடாதுன்னு எங்கிட்டச் சத்தியம் வாங்கிட்டாக. ரோசம். நாறும்பூநாதன் குருடாயிட்டான்னு ஒருத்தன் பாவப்பட்டாக் கூட நான் அருவியில போய் விழுந்துருவேன்னாக. விழுவாக தம்பி, அவுக சொன்னாச் செய்யுத ஆளு.

அப்ப வண்டிய யாரு ஓட்டுதாகன்னா கேக்கீக? வேற யாரு, அன்னைக்கு முறுக்கோட உக்காந்திருந்த நான்தான்.

குத்தாலத்துல சீசன் முடிஞ்சா கார் நிறுத்துத இடம் காலியாக் கிடக்கும்லா, குரங்கு மட்டும்தான் நிக்கும். அங்கன வச்சு துல்கர்னைன் பழக்கி விட்டான். கிளச்சு கிடையாது, கியரு தன்னால விழும், சவம், ஓட்ட லேசுதான். லைசென்ஸும் எடுத்தாச்சு. இப்ப பீச்சாங்கைப் பக்கம் நான், சோத்தாங்கைப் பக்கம் அவுக. வேட்டி சட்டையில நிமிந்து உக்காந்திருப்பாக. யாரு டிரைவர்னு நினைக்கும் ஊரு? லாட்ஜ் வருது, கும்பிடுதான்னு நான் வாய்க்குள்ள சொல்லுவேன், அவுக கையத் தூக்குவாக. வெவரம் தெரிஞ்சவன் ஒண்ணு ரெண்டு பேர் இருப்பான். அவனும் கும்பிட்டுட்டுத்தான் போறான்.

இப்ப உள்ள நல்ல காரு ஒண்ணு வாங்கித் தாரேங்கான் எம்மவன். அதுல நான்லா சோத்தாங்கைப் பக்கம் உக்காரணும்? பிளசர் அண்ணாச்சிய பொண்டாட்டி ஏத்திக்கிட்டுப் போறான்னு மறுநாளே வந்து ஏன்னு கேப்பானுவ. இந்தச் சவத்துல மட்டுந்தான் தம்பி, நான் ஓட்டினாலும் ஊருக்கு அவுக ஓட்டுதாக.

விக்கச் சொன்னது அவுகதான். போன வாரம் ஒரு டிப்பர் லாரி உரசுத மாதிரி போச்சு. எம் மூச்சை வச்சே கண்டுபிடிச்சிட்டாக. வீட்டுக்கு வந்ததும் அபிக்குப் போன் போட்டு, வித்துருலேன்னுட்டாக. எனக்காகவாம். இம்புட்டு வருசம் கழிச்சு இப்பத்தான் எம்மேல அக்கறை வந்திருக்கு, அதுவும் வேண்டாத நேரத்துல. எனக்கு அந்த வண்டி பிடிச்சிருக்கு, சொன்னா என்ன? முன்னால பஸ்ஸு போனா நானும் பழக்கத்துல, ஏங்க வருதான்னு கேப்பேன். அவுக கண்ணாடிய இறக்கி, காதை வெளிய நீட்டிக் கேட்டுட்டு, வருது, பொறுட்டிம்பாக. அங்கன ஒண்ணும் வராது. ஆனாலும் பொறுப்பேன். எப்படியும் நான் முந்தப்போறதில்ல. அவுக போன்னு சொல்லுத வரைக்கும் அந்தப் பஸ்ஸுக்குப் பின்னாலயே ஊந்துக்கிட்டுப் போவேன்.

அதனால வண்டி ரொம்பத் துருப்பிடிச்சிருக்கு, வேண்டாம்னு சொல்லிருங்க. திட்டுவாக. செவர்லேயப் பத்தி உனக்கு என்னலே தெரியும்னு ஏறிருவாக. திட்ட வாங்கிக்கிடுங்க தம்பி, அப்படித் திட்டினா அன்னைக்கு நல்லாச் சாப்பிடுவாக.

அந்தா வாராக.

ஏங்க! ரெண்டு படி இருக்கு, பாசி பிடிச்சுக் கிடக்கு, செருப்பு வழுக்கிரப் போகுது! தம்பி நேரா எம்பக்கத்துலதான் நிக்காரு!

கை கொடுப்பாக. கொஞ்சம் தள்ளித்தான் நீட்டுவாக. நீங்க போய்ப் பிடிச்சுக்கிடுங்க.