ஒரே கூடையில் இருவர்

அந்த நாற்காலியில் உட்காராதீர்கள், ஒரு கால் ஆடும். கட்டிலிலேயே உட்காருங்கள். இந்த விடுதி அறைக்கு என்னைப் பார்க்க வந்த முதல் ஆள் நீங்கள்தான், அதனால் அதைச் சரிசெய்யச் சொல்ல எனக்குத் தோன்றவே இல்லை. சீருடை போடாமல் வந்தீர்களே, அதற்கு நன்றி. பக்கத்து அறைக்காரிகள் யாரோ அத்தை வந்திருக்கிறார் என்று நினைத்துக்கொள்வார்கள்.

என் தங்கையைப் பற்றிக் கேட்கத்தான் வந்திருக்கிறீர்கள். சொல்கிறேன். ஆனால் என் பழைய வேலையைச் சொன்னால்தான் அது புரியும்.

மேலாண்மைக் கல்லூரிகளுக்கு விண்ணப்பிக்கிறவர்களுக்கான பயிற்சி மையம் ஒன்றில் இருந்தேன். எதிரே வந்து உட்காருகிறவரிடம் மதிப்பெண், வேலை, வீடு, அப்பா என்ன செய்கிறார் எல்லாம் கேட்டுவிட்டு, இடம் கிடைக்குமா கிடைக்காதா என்று முகத்துக்கு நேரே சொல்லவேண்டும். நன்றாகவே செய்தேன். பூசி மெழுகத் தெரியாது எனக்கு. அழுதுகொண்டே எழுந்து போனவர்கள் உண்டு. மையத்தை நடத்தியவருக்கு நாங்கள் வைத்த பெயர் தராசு. அவரிடம் ஒரு சூத்திரம் இருந்தது.

"ஊரே போட்டிக்கு வருதுன்னு எவனாவது பயந்தா, நீ உன் கூடைய மட்டும் பாருன்னு சொல்லு. இன்ஜினியர் பையன் இன்னொரு இன்ஜினியர் பையனோடதான் மோதணும். ஒரு கூடைலேருந்து ஒண்ணுதான் எடுப்பாங்க. ரெண்டு எடுத்து என்ன ஊறுகாயா போடப் போறாங்க?"

இந்தக் கல்லூரிக்கு நானும் விண்ணப்பிக்க முடிவு செய்தபோது, என் கூடையை நானே கொட்டிப் பார்த்தேன். அப்பா லிஃப்ட் இயக்குகிறவர். அம்மா மருத்துவமனையில் தரை துடைக்கிறவர். முதல் தலைமுறைப் பட்டதாரி. மதிப்பெண் சுமாருக்குக் கொஞ்சம் மேலே. இந்தக் கல்லூரிக்கு இப்படி ஒருத்தி வேண்டும். ஆனால் ஒருத்திதான் வேண்டும், சுவரில் மாட்டுகிற படம் மாதிரி. இதைக் கோபத்தில் சொல்லவில்லை. சரி, கோபத்தில்தான் சொல்கிறேன். ஆனாலும் அன்று அந்தக் கணக்கில் எனக்குச் சந்தேகமே வரவில்லை.

தங்கை தானும் அதே ஆண்டு விண்ணப்பிக்கப் போவதாகச் சொன்னபோது நாங்கள் தட்டுக் கழுவிக்கொண்டிருந்தோம்.

"ஊருக்கெல்லாம் பாத்து சொல்றல்ல, எனக்கும் பாத்து சொல்லுக்கா."

"அடுத்த வருஷம் போடு."

"ஏன், நான் மட்டும் இளிச்சவாயா? ரெண்டு பேரும் ஒண்ணாப் போலாம். நீ முன்னாடி உக்காந்து நோட்ஸ் எடு, நான் பின்னாடி உக்காந்து தூங்கறேன்."

"உனக்குக் கிடைக்காது."

"பேசறதப் பாரு, தராசோட தத்துப்பிள்ளை" என்று என் முகத்தில் சோப்புத் தண்ணீரைத் தெளித்தாள்.

அவளுக்கு என்னைவிட மதிப்பெண் அதிகம். அவள் வாயைத் திறந்தால் எதிரே இருப்பவருக்குச் சிரிப்பு வந்துவிடும். எனக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. அதே அப்பா, அதே அம்மா, அதே ஒற்றை அறை வீடு. என்னைப் பற்றி நான் எழுதக்கூடிய ஒவ்வொரு வரியையும் பொய் கலக்காமல் அவளும் எழுதலாம். எத்தனையோ பேரை எடை போட்டிருக்கிறேன். என்னை இல்லாமலே ஆக்கிவிடக்கூடிய ஆள் அவள் ஒருத்திதான்.

இருவருக்கும் நேர்காணலுக்கு அழைப்பு வந்தது. ஒரே நாளில்.

அவளுக்குச் சின்ன வயதிலிருந்தே வலிப்பு உண்டு. மாத்திரையைத் தவறவிடாத வரை ஒன்றும் வராது. அவளுக்கு மறதி அதிகம் என்பதால் கிழமைவாரியாகப் பிரித்த டப்பியில் மாத்திரையை எடுத்துவைப்பது பள்ளி நாட்களிலிருந்தே என் பொறுப்பு. யாரும் சொல்லி நான் அதைச் செய்யவில்லை. அழைப்பு வந்த பிறகும் நான்தான் எடுத்துவைத்தேன். சத்து மாத்திரையும் அதே வெள்ளை, அதே வட்டம்.

நான் நினைத்தது இவ்வளவுதான். நேர்காணலுக்கு முன்னால் வீட்டில் ஒருமுறை வலிப்பு வரும். அம்மா பக்கத்தில் இருப்பார். அவள் படுத்து ஓய்வெடுப்பாள், நான் போய்விட்டு வருவேன். அவளுக்கு வயது இருக்கிறது. இதில் அநியாயம் ஒன்றும் எனக்குத் தெரியவில்லை.

வீட்டில் வரவில்லை. அன்று காலை ரயில் நிலையப் படிக்கட்டில் வந்தது. என் பையையும் அவளே தூக்கிக்கொண்டு முன்னால் இறங்கினாள். "சீக்கிரம் வா ஆமை" என்று திரும்பினாள். முகம் ஒரு பக்கமாக இழுத்தது. கீழ்ப்படி வரை உருண்டாள்.

ஆம்புலன்ஸில் ஏற்றினேன். அம்மாவுக்குப் போன் செய்தேன். என் பையைத் துடைத்து எடுத்துக்கொண்டு அடுத்த ரயிலில் ஏறினேன்.

வாழ்க்கையில் சந்தித்த பெரிய அடி எது என்று நேர்காணலில் கேட்டார்கள். காலையில் நடந்ததைச் சொன்னேன். நடுவில் இருந்த பேராசிரியை கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்தார். "இவ்வளவுக்கு அப்புறமும் வந்திருக்கீங்களேம்மா" என்றார். அந்தக் கேள்விக்கு நான் தயார் செய்து வைத்திருந்த பதில் இதில் பாதிகூடத் தேறாது.

இடம் கிடைத்தது. வகுப்பின் முதல் நாள் எனக்கு முன் வரிசையில் ஒரே மூக்கும் ஒரே சிரிப்புமாக இரண்டு பேர். ஆலை முதலாளி ஒருவரின் இரட்டைப் பிள்ளைகள்.

"ரெண்டு பேருக்குமா குடுத்தாங்க?" என்று கேட்டேன்.

"ஏன், குடுக்கக் கூடாதா?" என்றான் ஒருவன்.

"இவன விட்டுட்டு வந்தா எங்கம்மா என்ன வீட்டுக்குள்ளயே விடமாட்டாங்க" என்றான் மற்றவன்.

அன்று மாலையே தராசுக்குப் போன் செய்து, கூடைக்கு ஒன்று என்று உங்களுக்கு யார் சார் சொன்னது என்று கேட்டேன். "அட, பயம் இருந்தாத்தானம்மா நம்மகிட்ட வருவாங்க. ஊருக்குச் சொன்னத நீயுமா நம்பின?" என்று சிரித்தார். நியாயமாகப் பார்த்தால் நீங்கள் அவரிடம்தான் போயிருக்கவேண்டும்.

இங்கே சாப்பாட்டு மேசையில் என் பக்கத்தில் யாரும் உட்காருவதில்லை. குழுவாகச் செய்யும் வேலைகளில், எல்லோரும் பிரிந்துபோன பிறகு மிச்சமிருப்பவள் நான். போனில் கூப்பிடுவது தங்கை மட்டும். தலையில் பட்ட அடியில் அவளுக்கு வலது கை வரவில்லை, சொற்கள் இடம் மாறி விழுகின்றன. "அக்கா, ஜன்னல் சாப்ட்டியா?" என்பாள். சாப்பிட்டேன் என்பேன். மருத்துவர் அந்த டப்பியைக் கேட்டு வாங்கிக்கொண்டு போனதை அவள்தான் சொன்னாள். "டாக்டர்... லூசு. அக்காவப் போய்..." என்று சிரித்தாள்.

ஆமாம், மாற்றியது நான்தான். தெரிந்தே மாற்றினேன்.

போன வாரம் அவள் கேட்டாள். "அடுத்த வருஷம்... நான் போடவாக்கா? பாத்து சொல்லு." இந்த முறை நேர்மையாக எடை போட்டேன். விழுந்து எழுந்து, இடது கையால் எழுதப் பழகும் பெண். அந்தக் கூடையில் வேறு யாரும் இல்லை. நானும் இல்லை. கண்டிப்பாகக் கிடைக்கும் என்று சொன்னேன். இப்போதுதான் அவளுக்கென்று தனியாக ஒரு கதை இருக்கிறது. என்னை விட்டால் அதை அவளுக்குக் கொடுக்க எங்கள் வீட்டில் வேறு யார் இருந்தார்கள், சொல்லுங்கள்.